ரேஷன் கடை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து

ரேஷன் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊரில் இரண்டு வகை மனிதர்கள்தான்: "இந்த அரிசியை மனுஷன் தின்பானா?" என்று கேட்பவர்கள், "அவனுக்கெல்லாம் எதுக்கு இந்த அரிசி?" என்று கேட்பவர்கள். பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள்தான் கேட்பார், அதுவும் ஒரே மூச்சில்.

நான் விற்பனையாளர். எடை போடுவதற்குத் தனி ஆள் உண்டு என்று பெயர். நான் இருந்த கடைகளில் அதுவும் நானேதான். ஒரு கடை பழகுவதற்குள் இன்னொரு கடைக்கு மாற்றிவிடுவார்கள். சில மாதங்களில் இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே ஆளாக ஓட வேண்டியிருக்கும். இங்கே திறந்தால் "அங்க ஏன் பூட்டியிருக்கு?" என்று போன் வரும். அங்கே ஓடினால் இங்கிருந்து போன் வரும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இன்றைக்குத் திருப்பி அனுப்பினோமே, அந்தம்மா வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள் என்று ஒரு யோசனை வரும், சோறு இறங்காது. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் கால் மாற்றி மாற்றி நின்றவர்தானே நீங்களும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன அவஸ்தையோ, இந்தப் பக்கம் எனக்கும் அதேதான்.

காரில் வந்த பை

ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது நடந்தது. கடை வாசலில் வெள்ளை கார் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி அட்டையை நீட்டினார். வீட்டு ஆள் யாராவது கைரேகை வைக்க வேண்டும், உங்கள் பெயர் இதில் இல்லையே என்றேன். "அம்மா கார்லதான் இருக்காங்க. மெஷினைக் கொஞ்சம் அங்க எடுத்துட்டு வர முடியுமா?" என்றார். வரிசை மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. முடியாதுங்க என்றேன். சொல்லிவிட்டேனே தவிர உள்ளே படபடப்புதான். யாருடைய சொந்தக்காரரோ, எங்கே போன் போட்டு என்ன சொல்வாரோ!

அந்தம்மா இறங்கி வந்தார். கோபமாகவெல்லாம் இல்லை, கூச்சமாக இருந்தார். வரிசையில் கடைசியாக நின்றிருந்த வசந்தா அவரைப் பார்த்ததும் பதறிப்போய் ஒதுங்கி, "நீங்க முன்னாடி போங்கம்மா" என்றாள். வசந்தா அந்த வீட்டில்தான் சமையல் வேலை செய்கிறாள். முன்னாலிருந்தவர்களும் வழி விட்டார்கள். ஆனால் யாரோ ஒருவர் காதில் விழுகிற மாதிரியே, "கார் வச்சிருக்கறவங்களுக்கு எதுக்குங்க ரேஷன் அரிசி?" என்றார். அந்தம்மா கையில் இருந்தது அரிசி அட்டை. அரிசி அட்டை இருந்தால் அரிசி உண்டு, கார் இருக்கிறதா என்று மெஷின் கேட்பதில்லை. இதை நான் சொல்வதற்குள் அவரே திரும்பி, எல்லோரையும் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்: "ஐயோ, நாங்க சாப்பிடறதுக்கு இல்லைங்க. வீட்ல ரெண்டு நாய் இருக்கு, அதுக்குத்தான்."

நான் அள்ளிய அரிசி தராசுக்கு மேல் அப்படியே நின்றது. அதே மூட்டை அரிசியைத்தான் காலையிலிருந்து எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.  அந்தம்மாவுக்கும் தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. வசந்தாதான் அவசரமாக அவரைக் காப்பாற்றப் பார்த்தாள். "அரிசி நல்ல அரிசிதாம்மா. நாய்க்கு நான்தானே வடிக்கிறேன், எங்க வீட்லயும் இதேதான்."

சாமியும் பாயும்

அதே கடையில் மாதாமாதம் ஒரு பட்டிமன்றம் நடக்கும். ஒரு பக்கம் உத்தர வீதியிலிருந்து வரும் வரதன் சாமி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பளிச்சென்று நாமம், சர்க்கரை மட்டும் வாங்குவார். இன்னொரு பக்கம் ஆட்டோ ஓட்டும் ஜாபர் பாய். "சும்மா கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டா. உழைச்சு சாப்பிடணும்னு சாஸ்திரமே சொல்றது" என்று சாமி ஆரம்பிப்பார். பாய் விட மாட்டார். "பெரிய கம்பெனிக்கு நிலம், தண்ணி, கரண்ட் எல்லாம் சும்மா குடுக்கறாங்களே சாமி, அவங்க சோம்பேறி ஆக மாட்டாங்களா? அவங்களுக்குக் குடுத்தா ஊக்கத்தொகை, எங்களுக்குக் குடுத்தா இலவசமா?" வரிசை இரண்டாகப் பிரிந்து கத்தும். நான் நடுவில் பாமாயில் பாக்கெட்டை நீட்டிக்கொண்டு, "கட்டை விரல் வைங்க, கட்டை விரல் வைங்க" என்று கத்துவேன்.

ஒருநாள் வாக்குவாதம் முற்றி, "பேசினா மட்டும் போறாது, நானே விட்டுடறேன்" என்று சாமி எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். சொன்னபடியே எழுதிக் கொடுத்து, எந்தப் பொருளும் வாங்காத அட்டையாக மாற்றிக்கொண்டார். "பெருமாள் க்ருபையில எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு வேண்டாததை வேண்டியவாளுக்குக் கொடுங்கோ" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது. சொன்னதைச் செய்கிறவர்களை வரிசையில் அடிக்கடி பார்க்க முடிவதில்லை.

பிறகு வெகுநாள் அவரைக் காணவில்லை. மறுபடி வந்தது மத்தியானம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில். நாமம் அதே பளிச்சென்றுதான் இருந்தது. முகம்தான் வற்றிப் போயிருந்தது. நல்ல வட்டி தருகிறார்கள் என்று கையிருப்பு மொத்தத்தையும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் போட்டிருக்கிறார். அதை மூடிவிட்டு ஓடிவிட்டார்கள். அவர் வேலை பார்த்த இடத்தில் பென்ஷனும் கிடையாது. "அந்த அட்டையை அரிசி அட்டையா மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தார். எழுதிப் போட்டோம். நாங்கள் அலைந்தோம், மனு தன் பாட்டுக்கு மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு முறை அவர் வாசலில் நிழலாடும்போதும், இன்றைக்கும் இல்லை என்று சொல்ல வேண்டுமே என்று நான் கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். ஒரு முறை அவரே சொன்னார், "அன்னிக்கு நான் பேசினது பொய் இல்லேம்மா. யாரைப் பத்திப் பேசறோம்னு தெரியாம பேசிட்டேன்."

அட்டை மாறி முதன்முதலாக அரிசி வாங்க வந்த அன்று, பார்த்தால் வரிசையில் ஜாபர் பாய் நிற்கிறார்.  பாய் வாயைத் திறந்தால் சாமி அங்கேயே செத்துப்போவார் என்று தோன்றியது. பாயோ தன் சர்க்கரையைக்கூட வாங்காமல் வெளியே போனார். சாமி மூட்டையைத் தூக்க முடியாமல் வாசலில் தடுமாறியபோது ஆட்டோ வந்து நின்றது. பாய் இறங்கி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார். சாமி மடியில் காசைத் துழாவினார். பாய் சொன்னார்: "ஏறுங்க சாமி. இது இலவசம் இல்ல, ஊக்கத்தொகை."

குவைத்திலிருந்து ஒரு எண்

அரியமங்கலத்துக்கு மாற்றினார்கள். அங்கே பட்டறை ஆட்கள் அதிகம். வெல்டிங், கிரைண்டிங் என்று இரும்போடு மல்லுக்கட்டுகிற கைகள். அந்தக் கைகளில் ரேகை இருக்காது, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். மெஷினுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. சகாயம் என்றொருவர் மாதாமாதம் வருவார். கட்டை விரலில் ஆரம்பித்துச் சுண்டு விரல் வரை வைப்பார். தேங்காய் எண்ணெய் தடவிப் பார், சட்டையில் துடைத்துப் பார் என்று வரிசையே வைத்தியம் சொல்லும். மெஷின் மட்டும் மாட்டேன் என்றே நிற்கும்.

அட்டையில் இன்னொரு பெயர் அவர் மனைவி ஸ்டெல்லா. அவர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். விரல் விழாதவர்களுக்குப் போனில் ஒரு எண் வரும், அதைச் சொன்னால் பொருள் கொடுத்துவிடலாம். ஆனால் அட்டையில் இருப்பது ஸ்டெல்லாவின் நம்பர், சிம் அவரோடு குவைத்துக்குப் போய்விட்டது. "அவளைக் கூப்பிட்டு நம்பரைக் கேட்டா சொல்லிடுவா மேடம். வேலை நேரத்துல போன் எடுக்க விட மாட்டாங்க, அதான் யோசனையா இருக்கு" என்று ஒருநாள் தயங்கினார். பின்னாலிருந்து "எவ்ளோ நேரம்ப்பா?" என்று சத்தம் வந்தது. இன்னொரு கடையைத் திறக்க வேண்டிய நேரம் எனக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. கூப்பிடுங்க, பார்ப்போம் என்றேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. அடுத்த முறை எடுத்தார். எண்ணைக் கிசுகிசுவென்று சொன்னார், நான் அடித்தேன், மெஷின் ஒத்துக்கொண்டது. வரிசையே கை தட்டாத குறை.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "மேடம்கிட்ட குடுங்க" என்று குரல் கேட்டது. சகாயம் ஒன்றும் புரியாமல் போனை ஜன்னலுக்குள் நீட்டினார். அந்தம்மா அவசரமாக, குரலை இறக்கி, "மேடம், அவர் எப்படி இருக்காரு? என்கிட்ட நல்லா இருக்கேன்னுதான் சொல்வாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லாத்தான் இருக்காரு, கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு என்றேன்.  ஸ்டெல்லா உடனே சொன்னார்: "அரிசி மட்டும் போதும்பாரு மேடம், விடாதீங்க. பருப்பையும் சேர்த்தே கையில குடுத்து அனுப்புங்க, இல்லேன்னா வெறும் ரசத்தை ஊத்திக்கிட்டே காலத்தை ஓட்டிடுவாரு."

முசிறியில் இட்லி

நடுவில் கொஞ்ச காலம் முசிறிக்கு அனுப்பினார்கள். காலை பஸ்ஸில் போய் இறங்கினால் பசி பிடுங்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சின்ன இட்லிக் கடை. முதல் விள்ளல் வாயில் போனதுமே தெரிந்துவிட்டது, இது நம் மூட்டைதான். இத்தனை வருஷம் அதோடு குடும்பம் நடத்துகிறேன், வாசனை தெரியாதா? யாரோ வீட்டில் வாங்கி விற்றிருக்கிறார்கள், யாரோ சேர்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். எழுந்து போய்விடலாமா, கேட்கலாமா, கேட்டால் என்ன ஆகும் என்று குழம்பிக்கொண்டே, இட்லி என்னவோ நன்றாக இருந்ததால், சாப்பிட்டுக்கொண்டும் இருந்தேன்.

கடைக்காரர் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "எந்த ஆபீஸ்ங்க மேடம்?" என்று சகஜமாகக் கேட்டார். ரேஷன் கடை என்றேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ஓடப்போகிறார் என்று நினைத்தேன். நிதானமாக இன்னும் இரண்டு இட்லியை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நீங்கதாங்க எங்க முதலாளி, நல்லா சாப்பிடுங்க."

யார் பேரில்?

பெண்களுக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகை எனக்குக் கிடையாது. கூட்டுறவில் வேலை பார்ப்பதால் தள்ளிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் சுமதிக்கு அது வருகிறது என்று தெரிந்த அன்றுதான் வருத்தம் இருப்பது எனக்கே தெரிந்தது. அவள் வையம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நிலம், மோட்டார், மாடு, ஓட்டு வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மாடி வீடு. நானோ திருவானைக்கோவிலில் வாடகைக்கு இருக்கிறேன்.

அவள் மகளுக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது அவளாகவே அந்தப் பணத்தில் வாங்கிய மிக்ஸியைக் காட்டினாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. உனக்கென்னம்மா குறை, இல்லாதவங்களுக்குப் போக வேண்டியது உன் வீட்டுக்கு வருது என்று சொல்லிவிட்டேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே கிண்டல் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் வேறு வேலை இருப்பது போல நகர்ந்தார்கள். சுமதி கையிலிருந்த குண்டானை வைத்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். சண்டைக்குத்தான் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன்.

அங்கே அவள் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிச் சொன்னாள். "நிலம் என் மாமனார் பேர்ல இருக்கு. இந்த மாடி வீடு கொழுந்தன் பேர்ல. மாடு கறந்தா காசு இவர் கைக்குப் போகுது. கல்யாணத்துல போட்ட நகை அடகுல இருக்குன்னு உங்களுக்கே தெரியும். என் பேர்ல வர்றது இந்தப் பணம் ஒண்ணுதான் அண்ணி, அதையும் பிடுங்கிடாதீங்க."

பருப்பு பற்றாக்குறை

இப்போது மறுபடி ஸ்ரீரங்கம், வேறு கடை. தீபாவளி நெருக்கத்தில் துவரம் பருப்பு லோடு பாதிதான் வந்தது. செய்தி பரவி, கடையைத் திறக்கும் முன்பே வரிசை தெருமுனை வரை போய்விட்டது. வந்த வரிசைப்படிதான் கொடுப்பேன், தீர்ந்தால் லோடு வந்ததும் வாங்கிக்குங்க என்று சொன்னேன். கேட்பார்களா? "வசதியா இருக்கறவங்க விட்டுக் குடுங்கப்பா, இல்லாதவங்க வாங்கட்டும்" என்று பூக்கட்டி விற்கும் செல்வி குரல் கொடுத்தாள். நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவுதான், இல்லாதவர் யார் என்று ஒரு பஞ்சாயத்து தொடங்கியது. சொந்த வீட்டுக்காரர் வீட்டுக் கடனைச் சொன்னார். ஃப்ரிட்ஜ் வைத்திருந்தவர் அது ஓடவில்லை என்றார். மகன் சென்னையில் இருக்கிறானே என்றதற்கு ஒரு அம்மா, "இருக்கான், போன்தான் பண்ண மாட்டான்" என்று அழ ஆரம்பித்தார். என்னை வேறு ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் எதைத்தான் எடை போடுவது?

பாக்கெட் குறையக் குறைய எல்லோருடைய கண்ணும் ஒரு பெண் மேல் போனது. அரக்கு நிறப் பட்டு, தலை நிறைய பூ, நெற்றியில் பளிச்சென்று பொட்டு. செல்விக்கு முன்னால் நின்றிருந்தாள். "பட்டுக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறீங்களே, ஒரு பாக்கெட் பருப்பு இல்லேன்னா உங்களுக்கு என்ன ஆயிடும்? ஒதுங்குங்க" என்று செல்வி அவள் கையைப் பிடித்தே விட்டாள். வரிசையும் ஆமாம் போட்டது. அந்தப் பெண் முந்தானையை விரித்துக் காட்டினாள். "இது பட்டு இல்லைங்க. தெப்பக்குளம் பக்கத்துல ஜவுளிக்கடையில நிக்கிறேன், அங்க குடுக்கற யூனிஃபார்ம். இந்தப் பூவும் அவங்க கணக்குதான். லேட்டா போனா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க, அதான் கட்டிக்கிட்டே வந்துட்டேன். பகல் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும்ங்க, உக்காரக் கூடாது" என்றாள்.

செல்வி கையை விட்டாள். நான் அந்தப் பெண்ணுக்குப் பாக்கெட்டைக் கொடுத்தேன். அதுதான் கடைசி. செல்விக்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி என்னைப் பார்க்கவே இல்லை. படியிறங்கி ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் பின்னாலேயே ஓடினாள். அடிக்கப் போகிறாளோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். தெரு நடுவில் அவளை நிறுத்தி, மூச்சு வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏம்மா, உங்க கடையில ஆள் எடுக்கறாங்களா? என் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டு சும்மாதான் இருக்கா, எவ்ளோ நேரம்னாலும் நிப்பா."

யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று டிவியில் தினமும் தீர்ப்புச் சொல்கிறவர்கள் யாராவது ஒருநாள் என் ஸ்டூலில் வந்து உட்காருவதாக இருந்தால் கடைச் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுக்கத் தயார், மெஷினில் சிக்னல் வருகிற வரைக்கும் அவர்களும் எங்களைப் போலச் சும்மா உட்கார்ந்து எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.